‘கெட்’ (get) என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் ஏன் ஒரே சொல் இல்லை?

கேள்வி இதுதான். வெளிநாட்டில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் பேசி முடிக்கும்போது, ‘ஐவ் காட் டு கெட் த கிட்ஸ் டு கெட் ரெடி பிஃபோர் இட் கெட்ஸ் லேட்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னது பேச்சுப் போக்கில் புரிந்துவிட்டது. ஆனால் ஒரே வாக்கியத்தில் நான்கு முறை வந்த ‘கெட்’ ஒவ்வோர் இடத்திலும் என்ன வேலை செய்கிறது என்று அறிய அகராதியைத் திறந்தால், முதல் பொருளாக ‘பெறு’ என்று இருக்கிறது. அந்தப் ‘பெறு’ நான்கில் ஓரிடத்தில்கூடப் பொருந்தவில்லை. இந்தச் சொல்லை எங்கே பிடித்தால் பிடிபடும்?

அகராதியின் மேல் குற்றமில்லை. அகராதி ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லைத்தான் வைக்க முடியும். ‘கெட்’ என்பதோ தனியாக நின்று பொருள் தருவது அரிது. அதன் பின்னால் வருவது பெயரா, பெயரடையா, இடமா, இன்னொரு வினையா என்று பார்த்த பிறகுதான் அதன் பொருள் தெளிவாகிறது. எல்லா இடத்திலும் பொதுவாக ஓடும் சரடு ஒன்று உண்டு: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்தல். கையில் இல்லாத கடிதம் கைக்கு வந்தாலும், உலர்ந்த சட்டையோடு கிளம்பியவர் மழையில் நனைந்தாலும், வெளியே இருந்தவர் வீட்டுக்கு வந்தாலும், விளங்காதிருந்த நகைச்சுவை திடீரென விளங்கினாலும் ஆங்கிலக்காரர் ‘காட்’ என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலான இலக்கண நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். தமிழருக்கு உண்மையான இடறல் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது, பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கிடைத்த அனுபவம். அந்த நிலை தானாக வந்ததா, அந்த ஆள் முயன்று வரவழைத்ததா என்பதை ‘கெட்’ சொல்வதில்லை. தமிழ் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

‘ஐ காட் எ புக்’ என்ற மிக எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் போய்ப் பணம் கொடுத்திருந்தால் ‘ஒரு புத்தகம் வாங்கினேன்’ என்போம். பழைய புத்தகக் கடையில் தேடிக்கொண்டிருக்கையில் தட்டுப்பட்டிருந்தால் ‘எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது’. தபாலில் வந்து சேர்ந்திருந்தால் ‘எனக்குப் புத்தகம் வந்தது’. உள்ளறைக்குப் போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தால் ‘எடுத்து வந்தேன்’. ஆங்கில வாக்கியம் நான்கிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தமிழில் வினை மட்டுமா மாறுகிறது, எழுவாயே மாறிவிடுகிறது. வாங்கியதும் எடுத்து வந்ததும் ‘நான்’. கிடைத்ததும் வந்ததும் ‘புத்தகம்’; அங்கே நான் எழுவாயாக இல்லை, ‘எனக்கு’ என்று கு உருபு ஏற்று ஓரமாக நிற்கிறேன்.

இந்த ‘எனக்கு’தான் திறவுகோல் என்று நான் கருதுகிறேன். மனிதருக்குத் தாமாக நேர்பவற்றையும் தோன்றுபவற்றையும் தமிழ் நான்காம் வேற்றுமையில் வைத்துச் சொல்கிறது: எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கோபம் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குப் புரிந்தது, எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆங்கிலம் இவை அனைத்திலும் ஆளை எழுவாயாக முன்னால் நிறுத்துகிறது. நிறுத்தியபின் அவர் எதையும் செய்யவில்லையே என்பதால், செய்தலும் அல்லாத, சும்மா இருத்தலும் அல்லாத ஒரு வினை தேவைப்படுகிறது. அந்த இடத்தில் வந்து உட்காருவது ‘கெட்’. ‘ஐ காட் ஹங்ரி’, ‘ஐ காட் ஆங்க்ரி’, ‘ஐ காட் த ஜாப்’, ‘ஐ காட் இட்’, ‘ஐ காட் எ ஃபீவர்’ என்று அடுக்கிப் பார்த்தால், ‘எனக்கு… வந்தது’, ‘எனக்கு… கிடைத்தது’ என்ற நம் அன்றாட வாக்கியங்களின் வரிசையே எதிரே நிற்பது தெரியும். ஆகவே அகராதியின் ‘பெறு’ என்ற பொருளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு ‘கெட்’ வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘இதைத் தமிழில் நான் என்று தொடங்குவேனா, எனக்கு என்று தொடங்குவேனா’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது மேல். இயந்திர மொழிபெயர்ப்பில் நாம் பார்த்துச் சிரிக்கும் ‘நான் காய்ச்சல் பெற்றேன்’ என்பது இந்தக் கேள்வியைக் கேட்காததால் பிறந்த குழந்தை.

‘பெறு’ என்ற சொல்லை நான் தள்ளிவிடவில்லை. அதற்கும் ‘கெட்’ என்பதற்கும் உள்ள உறவு வேறொரு தளத்தில் இருக்கிறது. தமிழில் ‘பெறு’ என்றால் அடைவதும் ஆகும், பிள்ளை பெறுவதும் ஆகும். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தின் பெயரான ‘மக்கட்பேறு’ என்பதில் இரண்டு பொருளும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் ‘கெட்’ என்பதன் உறவுச் சொல்லான ‘பிகெட்’ பிள்ளை பெறுதலைக் குறிக்கும். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் மத்தேயு முதல் அதிகாரத்தில் ‘பிகாட்’ என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தில் தமிழ் விவிலியம் ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’ என்றது. ‘ஒன்லி பிகாட்டன்’ என்று வரும் இடத்தில் ‘ஒரேபேறான’ என்றது. மொழிபெயர்த்தவர்கள் தேர்ந்த சொல் இங்கே வேர்வரை பொருந்திவிட்டது. இன்றைய வழக்கில் மட்டும் ‘பெற்றேன்’ என்பது விண்ணப்பத்துக்கும் பற்றுச்சீட்டுக்கும் உரிய நடையாகிவிட்டது. ‘கெட்’ என்பதோ வீட்டுப் பேச்சு. ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற நடைக்கு ஆங்கிலத்தில் இணை ‘ரிசீவ்’, ‘கிடைத்தது, வாங்கினேன்’ என்ற நடைக்கு இணை ‘கெட்’ என்று கொண்டால், பொருள் மட்டுமின்றித் தொனியும் சரியாக அமையும்.

சொல்லின் பிறப்பையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதுவே சில ஐயங்களைத் தீர்க்கும். ‘கெட்’ இங்கிலாந்தின் பூர்வீகச் சொல் அன்று. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியதிலிருந்து வரலாற்றில் பேசப்படும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள், பிறகு கிழக்கு, வடக்கு இங்கிலாந்தில் குடியேறித் தங்கியபோது அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து இறங்கிய சொல் இது. நாம் தொடக்க வகுப்பில் கற்கும் ‘டேக்’, ‘தே’, ‘எக்’, ‘ஸ்கை’ முதலியவையும் அதே கப்பலில் வந்தவைதாம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவான வேர் ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ போன்ற கூட்டுச் சொற்களுக்குள் மட்டும், ககரம் யகரமாக ஒலிக்கும் வடிவில் இருந்தது. நார்ஸ் செல்வாக்கால் அவையும் ககர ஒலிக்கு மாறின. வேர்ப்பொருள் பிடித்தல், பற்றுதல். பிடித்தது கைநழுவிப் போவதுதான் ‘ஃபர்கெட்’, அதாவது மறத்தல். லத்தீனில் இதே வேரிலிருந்து வந்த, ‘பற்று’ என்று பொருள்படும் வினையிலிருந்துதான் ‘காம்ப்ரிஹெண்ட்’ (விளங்கிக்கொள்) என்ற கனமான சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஐ கெட் இட்’ என்று ஒருவர் சொல்லும்போது பிடி என்ற பழைய பொருள் உள்ளே இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. நாமும் ‘விஷயம் இப்போதுதான் பிடிபட்டது’ என்கிறோம், ‘அவன் கப்பென்று பிடித்துக்கொண்டான்’ என்கிறோம். யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்காமலே இரு மொழிகளும் ஒரே உருவகத்தைக் கண்டடைந்திருக்கின்றன.

இனி, பின்னால் பெயரடை வரும் இடம். ‘கெட் வெட்’, ‘கெட் டயர்ட்’, ‘கெட் ஓல்ட்’, ‘கெட் லாஸ்ட்’ என்பவற்றை ‘நனை’, ‘களை’, ‘மூப்படை’, ‘தொலை’ என்று பெரும்பாலும் ஒரே தமிழ் வினையால் சொல்லிவிடலாம். ‘கெட் லாஸ்ட்’ என்ற வசவுக்கும் ‘தொலைந்து போ’ என்ற நம் வசவுக்கும் நூலிழை வேறுபாடுகூட இல்லை. இங்கே நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்பதை நம்மில் பலர் ‘ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘எனக்கு… வருகிறது’ என்றால் ‘கெட்டிங்’ என்ற உள்ளுணர்வு சரியானதுதான். தவறு அடுத்த சொல்லில் இருக்கிறது. ‘கெட்’ என்பதன் பின்னால் பெயர் வந்தால் அந்தப் பொருள் கைக்கு வருகிறது; பெயரடை வந்தால் அந்த நிலைக்கு ஆள் மாறுகிறார். ‘ஸ்லீப்’ பெயர், ‘ஸ்லீப்பி’ பெயரடை. எனவே தூக்கம் வருகிறது என்பதற்கு ‘ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி’ என்றுதான் சொல்ல வேண்டும். பெயராக வரும் ‘ஸ்லீப்’ வேறு வேலைக்கு உதவும்: கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ‘ஐ டிடின்ட் கெட் மச் ஸ்லீப்’ என்றால் ‘ராத்திரி சரியாகத் தூங்கக் கிடைக்கவில்லை’ என்று பொருள். முதலாவதில் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, இரண்டாவதில் அது கிடைக்கவே இல்லை.

பெயருக்கும் பெயரடைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் ‘பிகம்’ என்பதிலிருந்தும் இதைப் பிரிக்கிறது. ‘அவர் மருத்துவர் ஆனார்’ என்பதற்கு ‘ஹி பிகேம் எ டாக்டர்’ என்பதே சரி. ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால் அவர் ஓடிப்போய் ஒரு மருத்துவரை அழைத்து வந்தார் என்று ஆகிவிடும்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘கெட்’ என்பதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வந்து செயப்பாட்டுப் பொருள் தருவது: ‘காட் ஹிட்’, ‘காட் ஸ்கோல்டட்’, ‘காட் ப்ரமோட்டட்’. பள்ளியில் நமக்குச் சொல்லித்தரும் செயப்பாட்டுவினை ‘வாஸ்’ கொண்டு அமைவது. அதற்கு நேராகத் தமிழில் ‘-ப்பட்டது’ என்று எழுதுவோம். ‘பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் ஆங்கிலத்தில் ‘வாஸ் ஓப்பன்ட்’ என்பதே பொருந்தும். அங்கே ‘காட்’ போட்டால், என்னென்னவோ தடையெல்லாம் தாண்டி ஒருவழியாகத் திறந்தார்கள் என்ற பெருமூச்சு உள்ளே புகுந்துவிடும். ஏனென்றால் ‘காட்’ செயப்பாட்டுவினை வெறும் செய்தி சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று, நல்லதோ கெட்டதோ அவருக்கு நேர்ந்தது என்று சொல்கிறது. சில வேளைகளில் அவரே தேடிக்கொண்டார் என்ற குத்தலும் அதில் இருக்கும். ‘ஹி வாஸ் அரெஸ்டட்’ என்பது நாளிதழின் வரி. ‘ஹி காட் அரெஸ்டட்’ என்பது திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் வரி. ‘அவன் போய் மாட்டிக்கொண்டான்’ என்பதற்கு அது மிக அருகில் வருகிறது.

இதே வேறுபாட்டைத் தமிழ் எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்று பாருங்கள். ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘அடிபட்டான்’ என்கிறோம், அல்லது ‘அடி வாங்கினான்’ என்கிறோம். விபத்தானால் அடிபட்டான், அப்பாவிடம் ஆனால் அடி வாங்கினான். திட்டு வாங்கினான், ஏச்சு வாங்கினான், மேலதிகாரியிடம் ‘டோஸ்’ வாங்கினான். யாராவது விரும்பிப் போய்த் திட்டு வாங்குவார்களா? ஆனாலும் வினை ‘வாங்கு’தான், எழுவாய் வாங்கியவரேதான். மதிப்பெண் வாங்குகிறோம், பட்டம் வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், காய்கறி வாங்குகிறோம், உதையும் வாங்குகிறோம். தமிழில் ‘கெட்’ என்பதற்கு மிக நெருங்கிய உறவினர் யார் என்று என்னைக் கேட்டால், அகராதிக்காரர் கைகாட்டும் ‘பெறு’ அன்று, இந்த ‘வாங்கு’தான் என்பேன். அதுவும் முழு இணை ஆகாது; மூச்சு வாங்கும்போது ‘கெட்’ உதவாது, நனையும்போது ‘வாங்கு’ உதவாது.

திருமணத்தில் இந்தச் செயப்பாட்டு ‘கெட்’ ஒரு குழப்பத்தையும் தீர்க்கிறது. ‘ஹி வாஸ் மேரீட்’ என்றால் அவர் ஏற்கெனவே திருமணமானவராக இருந்தார் என்றும் கொள்ளலாம், அப்போது திருமணம் நடந்தது என்றும் கொள்ளலாம். ‘ஹி காட் மேரீட்’ என்றால் நிகழ்ச்சி மட்டுமே. தாலி கட்டிய நாளைப் பற்றிய பேச்சு. மணமகளின் பெயரைச் சேர்க்கும்போது ‘இன்னாருடன்’ என்ற தமிழ் உருபு நம்மை ‘வித்’ என்று சொல்லத் தூண்டும். ஆங்கிலத்தில் ‘டு’ என்பதே முறை.

பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்வித்தல் என்ற பொருளுக்கு வருவோம். இதில் இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது, ஆளைச் சொல்லி, ‘டு’ போட்டு, வினையைச் சொல்வது: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. இதே கருத்தை ‘மேட் ஹிம் சைன்’ என்றும் ‘ஹாட் ஹிம் சைன்’ என்றும் சொல்லலாம். மூன்றும் ‘கையெழுத்துப் போட வைத்தேன்’ என்பதற்குள் அடங்கிவிடுவதால் நமக்கு ஒன்றுபோலத் தோன்றும். ‘மேட்’ என்றால் வேறு வழியில்லாமல் செய்தேன். ‘ஹாட்’ என்றால் அது அவர் வேலை, சொன்னேன், செய்தார். ‘காட்’ என்றால் பேசிப் பார்த்து, கெஞ்சியோ தாஜா செய்தோ சம்மதிக்க வைத்தேன். தயங்கியவரை வழிக்குக் கொண்டுவந்த முயற்சி ‘காட்’ என்பதில் மட்டும் தெரிகிறது. மூன்றில் ‘டு’ வருவதும் அதில் மட்டுமே. ‘ஐ மேட் ஹிம் டு சைன்’ என்று எழுதுவது நம்மூர் அலுவலகக் கடிதங்களில் தீராத நோய்.

இரண்டாவது அமைப்பில் ஆள் மறைந்துவிடுகிறார். பொருள் முன்னால் வருகிறது, மூன்றாம் வடிவம் பின்னால் வருகிறது: ‘ஐ காட் மை ஹேர் கட்’. தமிழில் நாம் ‘நேற்று முடி வெட்டினேன்’, ‘பல் பிடுங்கினேன்’, ‘வண்டியை சர்வீஸ் பண்ணினேன்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். முடிதிருத்துபவர், பல் மருத்துவர், மெக்கானிக் எல்லாரும் சொல்லாமலே விளங்குவார்கள். ‘வீடு கட்டினேன்’ என்பவரைப் பார்த்து ‘நீங்களே கரண்டி பிடித்தீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. வீட்டின் பொருட்டு ஆங்கிலமும் அந்தச் சலுகையைத் தருவதுண்டு. முடிக்கும் பல்லுக்கும் தராது. ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன் நின்று கத்தரியை நீங்களே எடுத்தீர்கள் என்றும், ‘ஐ புல்ட் அவுட் மை டூத்’ என்றால் இடுக்கியையும் நீங்களே பிடித்தீர்கள் என்றும் கேட்பவர் எண்ணுவார். தமிழில் இதைத் துல்லியமாகச் சொல்ல ‘வெட்டிக்கொண்டேன்’ என்று ‘கொள்’ சேர்க்கலாம்.

ஆனால் அதே அமைப்பில் ‘ஹி காட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்’ என்றும் சொல்கிறார்கள். பணம் கொடுத்து முடி வெட்டச் சொன்னது போல, பணம் கொடுத்துப் போனைத் திருடச் சொன்னாரா? இல்லை, ‘போனைப் பறிகொடுத்தார்’ என்பதே பொருள். வேண்டிச் செய்துகொண்ட வேலைக்கும் வேண்டாமல் வந்து சேர்ந்த இழப்புக்கும் ஆங்கிலம் ஒரே சட்டத்தைப் பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் புத்தகத்தை வைத்துச் சொன்ன அதே கதைதான். ‘கெட்’ யார் விருப்பத்தையும் விசாரிப்பதில்லை. கேட்பவர்தான் சூழலைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

‘ஹாவ் காட்’ என்பது வடிவத்தில் முடிந்துபோன செயல், பொருளில் நிகழ்காலம். ‘ஐவ் காட் டூ பிரதர்ஸ்’ என்றால் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். விசித்திரமாகத் தோன்றினால், ‘கையில் நூறு ரூபாய் வைத்திருக்கிறேன்’ என்ற நம் வாக்கியத்தைப் பாருங்கள்: வைத்தது முன்பு, இருப்பது இப்போது, முழுச் சொல்லும் சேர்ந்து உடைமை. அடைந்துவிட்டதால் உடையவன் என்ற அதே வழியில்தான் ஆங்கிலமும் வந்திருக்கிறது. இதில் அமெரிக்கர் ஒரு நுட்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ‘ஐவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். ‘காட்டன்’ என்பதை அமெரிக்கக் கொச்சை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் அது இங்கிலாந்தின் பழைய வடிவம். கடல் கடந்து போனவர்களிடம் நிலைத்தது, பிரிட்டனின் பொது வழக்கிலிருந்து மறைந்தது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’ என்பதிலும், தீய வழியில் சேர்த்த சொத்தைக் குறிக்கும் ‘இல்-காட்டன்’ என்பதிலும் அது உயிரோடு இருக்கிறது.

இதற்கு அடுத்த வீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஐவ் காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதிலிருக்கும் மெல்லிய வகர ஒலியை விட்டுவிட்டு ‘ஐ காட் டு மீட் ஹிம்’ என்று எழுதினால், அவரைப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது என்று பொருள் மாறிவிடும். முதலாவது கட்டாயம், இரண்டாவது கொடுப்பினை. நிகழ்காலத்திலும் அப்படியே. ‘யூ கெட் டு ட்ராவல்’ என்பதில், ஊர் ஊராகச் சுற்ற உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்ற மெல்லிய பொறாமை தொனிக்கும். பேச்சு வழக்கில் பலர் வகரத்தை விழுங்கிக் கட்டாயப் பொருளிலேயே ‘காட் டு’, ‘காட்டா’ என்பதுண்டு. காதால் கேட்கும்போது சூழலே காப்பாற்றும். எழுத்தில் அந்தக் காப்பு இல்லை.

இடத்தோடு வரும் ‘கெட்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கெட் டு மதுரை’, ‘கெட் ஹோம்’ என்பவற்றில் போய்ச் சேர்தல் என்ற பொருள் முன்னிற்கிறது. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றின் முன்னால் ‘டு’ வராது. நம்மவர்கள் இந்த இடத்தில் ‘ரீச்’ என்பதையே நாடுகிறார்கள். தவறில்லை, வீட்டுப் பேச்சில் சற்று விறைப்பாக ஒலிக்கும், அவ்வளவே. வாகனங்களில் மட்டும் ஒரு விதி பயன்படும்: நிமிர்ந்து நடந்து ஏறக்கூடிய பேருந்து, ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’, குனிந்து நுழைய வேண்டிய கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. தமிழில் எல்லாவற்றுக்கும் ஏறு, இறங்கு என்பதே போதும். அந்த ‘இறங்கு’தான் நம்மைப் பேருந்திலும் ‘கெட் டவுன்’ என்று சொல்ல வைக்கிறது. இந்தியா முழுவதும் அது புரியும். லண்டனில் சொன்னால், எந்த ஏணியிலிருந்து என்று பார்ப்பார்கள்.

சிறு சொற்களோடு சேர்ந்து வரும் தொடர்கள் பல. ‘கெட் ஓவர்’ என்றால் துயரத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீள்வது, ‘கெட் பை’ என்றால் இருப்பதை வைத்துக் காலம் தள்ளுவது, ‘கெட் அலாங்’ என்றால் ஒத்துப்போவது, ‘கெட் அவே வித்’ என்றால் தப்பு செய்தும் மாட்டாமல் தப்பித்துக்கொள்வது. இவற்றைப் பட்டியல் போட்டு உருவேற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னொட்டுச் சொல்லைப் படமாகப் பார்த்தால் பெரும்பாலும் பொருள் வந்துவிடும்: ‘ஓவர்’ என்பது வழியில் கிடக்கும் ஒன்றைத் தாண்டி அப்பால் போவது, ‘அவே’ என்பது விலகி ஓடுவது, அதோடு ‘வித்’ சேர்ந்தால் செய்த தப்பையும் மடியில் கட்டிக்கொண்டே ஓடுவது.

இனி அந்தத் தொலைபேசி வாக்கியம். முதல் ‘காட் டு’ கட்டாயம், ‘ஆக வேண்டும்’. இரண்டாவது ‘கெட் த கிட்ஸ் டு’ என்பது தயங்குபவரை வழிக்குக் கொண்டுவரும் செய்வித்தல். பள்ளி நாள் காலையில் பிள்ளைகளோடு போராடியவர்களுக்கு, ஏன் அங்கே ‘மேக்’ வராமல் ‘கெட்’ வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது ‘கெட் ரெடி’ பெயரடையோடு வந்த நிலைமாற்றம். நான்காவது ‘கெட்ஸ் லேட்’ என்பதும் அதுவே, எழுவாய் மட்டும் ஆள் அல்லாத காலம். நான்கையும் நம் வீட்டுத் தமிழில் வைத்தால், ‘நேரமாவதற்குள் பிள்ளைகளைக் கிளப்பியாக வேண்டும்’ என்று வரும். செய்வித்தலையும் தயாராதலையும் ‘கிளப்பு’ என்ற ஒரே பிறவினை உள்ளே வாங்கிக்கொண்டது. கட்டாயம் ‘ஆக வேண்டும்’ என்பதில் நிற்கிறது, காலத்தின் மாற்றம் ‘நேரமாவதற்குள்’ என்பதில் இருக்கிறது. ஆங்கிலம் நான்கு முறை சொன்னதைச் சொல்ல நமக்கு ஒரு ‘பெறு’கூடத் தேவைப்படவில்லை.